கருக்கம்புதூரில் குழாய்கள் துடித்த வருஷம்

ஆடி பதினொன்றாம் தேதி காலை ஆறேகால் மணிக்கு மேல்நிலைத் தொட்டியின் வால்வைத் திறந்துவிட்டு டீக்கடைக்குப் போன தண்ணீர்க்கார மாரப்பன் தன் டீயில் பாதியைக்கூடக் குடித்திருக்கமாட்டார், அதற்குள் கருக்கம்புதூரின் நான்கு வீதிகளிலிருந்தும் பெண்கள் குடங்களோடு வந்து, தண்ணீர் வருகிறது, ஆனால் வருகிற மாதிரி வரவில்லை என்றார்கள். அவர் போய்ப் பார்த்தார். குழாயிலிருந்து தண்ணீர் ஒரு வீச்சாக வந்தது, நின்றது, வந்ததில் ஒரு உள்ளங்கையளவு திரும்பிக் குழாய்க்குள்ளேயே ஏறிப் போனது, மறுபடி வந்தது. முன்னால் வரும்போது டப்பென்றும் பின்னால் போகும்போது உஸ்ஸென்றும் சத்தம் கேட்டது.

"காத்து புடிச்சிருக்குமுங்" என்றார் மாரப்பன்.

"காத்துன்னா வெளிய துப்பும். இது உள்ள உறிஞ்சுதே?" என்றாள் மேற்கு வீதி சரசக்கா.

மூன்று நாள் அவர் தொட்டியைக் கழுவினார், ஜாயின்ட்டுகளைக் கழற்றி மாட்டினார், யூனியன் ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். நான்காம் நாள் பெண்கள் பழகிவிட்டார்கள். தண்ணீர் முன்னால் வரும்போது குடத்தைக் காட்டுவது, பின்னால் போகும்போது சட்டென்று விலக்குவது, இதைக் கையே கற்றுக்கொண்டது. ஒரு வாரத்தில் அந்தத் தாளத்துக்கு மாவு பிசைந்தார்கள், துணி அடித்தார்கள், தொட்டிலை ஆட்டினார்கள். பிள்ளையார் கோவில் பூசாரி அந்த வீச்சுக்கு ஒரு சொம்பு என்று அபிஷேகம் செய்யப் பழகி, அதற்கு முன்பு எப்படிச் செய்துகொண்டிருந்தார் என்பதையே மறந்துபோனார்.

கருக்கம்புதூர் பம்ப்செட் ஊர். இரண்டு வீட்டுக்கு ஒரு லேத் ஓடுகிறது. லேத் இல்லாத வீட்டில் அதற்கு வேலைக்குப் போகிறவர் இருக்கிறார். எங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஃபுட் வால்வு. கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடிநுனியில் அதை மாட்டுவார்கள். தண்ணீரை மேலே ஏறவிடும், கீழே இறங்கவிடாது, அதன் வேலை அவ்வளவுதான். அது சரியாக மூடாவிட்டால் குழாயில் நின்ற தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிப் போய்விடும், காலையில் மோட்டார் போட்டால் வெறும் இரைச்சல்தான். அப்போது வாளியில் தண்ணீர் மொண்டு மேலே ஊற்றிக் குழாயை நிரப்ப வேண்டும். அதைப் பிரைமிங் என்போம். எங்கள் ஊரில் பேசக் கற்றுக்கொள்கிற குழந்தைக்கும் அந்த வார்த்தை தெரியும்.

கிட்டுசாமியின் பட்டறையில் ஒவ்வொரு வால்வையும் பெட்டிக்குள் போகுமுன் சோதிப்பவள் கோகிலாமணி. நாற்பத்திரண்டு வயது. குழாயில் மாட்டி, தண்ணீர் நிரப்பி, காதை வைத்துக் கேட்பாள். "புடிக்குது" என்றால் பெட்டிக்குப் போகும். "விடுது" என்றால் உலைக்குப் போகும். அவள் விடுது என்று சொன்ன வால்வை முதலாளியே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாலும் திரும்ப வாங்கிப் பார்க்கமாட்டாள். அவள் புருஷன் சென்னியப்பன் அதே பட்டறையில் லேத் ஓட்டுகிறான், அவன் கடைந்ததையே ஒருநாளைக்கு நாலு முறை திருப்பி அனுப்புவாள்.

ஆவணியில் பட்டறைக்கு ரத்த அழுத்தம் பார்க்க வந்த கிராம நர்ஸ், கோகிலாமணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தவள், பக்கத்துத் தொட்டியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீரையும் பார்த்தாள். பிறகு அவளை மாடிப்படி ஒருதரம் ஏறி இறங்கி வரச் சொன்னாள். அவள் ஏறினாள், குழாய் வேகமெடுத்தது. உட்கார்ந்தாள், குழாய் நிதானமானது. நர்ஸ் நோட்டில் எழுதிக்கொண்டு, "அக்கா, ஊர்க் குழாயில வர்றது உங்க நெஞ்சுங்க. அதுல உஸ்ஸுனு ஒண்ணு கேக்குது பாருங்க, அது கேக்கக்கூடாது. கோயமுத்தூர் போய் நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவர் கையைப் பிடித்தாள்.

எக்கோவுக்குப் போகவேண்டும் என்பது பட்டறையின் இரைச்சலில் காணாமல் போனது. குழாயில் வருவது கோகிலாமணி என்ற செய்தி மட்டும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அதிசயப்பட்டவர்கள் குறைவு, நிம்மதிப்பட்டவர்கள்தான் அதிகம். யாரோ என்னவோ என்று இருந்ததற்கு நம்ம கோகிலா என்றால் பரவாயில்லை அல்லவா.

அன்றிலிருந்து அவள் எங்களுக்குத் தெரியாமல் ஒன்றும் செய்ய முடியாதவள் ஆனாள். அவள் தூங்கும்போது சொட்டும் குழாய் மெதுவாகச் சொட்டியது. அவள் கனவு கண்டால் விடிகாலையில் வாசல் தெளிக்க வந்தவளின் வாளி துள்ளியது.

"ஏன் அம்முணி, நேத்து ராத்திரி பதினொன்னரைக்கு என்ன பண்ணிட்டிருந்தே? எங்கூட்டுக் குழாய் தலைதெறிக்க ஓடுச்சு" என்பாள் சரசக்கா.

"மாடு அத்துக்கிட்டுப் போயிருச்சுக்கா. பின்னாலயே ஓடுனேன்."

"நானும் அதேதான் சொன்னேன். எதிர்வீட்டுக்காரி நம்பமாட்டேங்கறா."

சென்னியப்பன் ஐந்து மாதம் டீக்கடைப் பக்கமே வரவில்லை. வந்த ஒருநாளும் யாரோ குழாயைப் பார்த்துத் தொண்டையைச் செருமியதில் பாதி டீயை வைத்துவிட்டுப் போய்விட்டான். "சிரிச்சா தெரியுது, அழுதா தெரியுது. என்ற நெஞ்சு எனக்கு முன்னால ஊருக்குத் தெரிஞ்சுருது, இது என்ன பொழப்பு?" என்று அவள் அவனிடம் சொல்லி அழுதாள் என்பதும் எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அப்போது எங்கள் குடங்களில் தண்ணீர் விக்கி விக்கி விழுந்தது.

தை பிறந்ததும் உஸ் சத்தம் நீண்டது. உள்ளங்கையளவு திரும்பிப் போன தண்ணீர் ஒரு டம்ளராயிற்று, ஒரு சொம்பாயிற்று, மாசியில் குடத்துக்குப் பாதி மேலேறிப் போய்விட, ஒரு குடம் பிடிக்க இரண்டு குடத்து நேரம் நிற்கவேண்டியதாயிற்று. கோகிலாமணி பட்டறைப் படிகள் எட்டையும் மூன்று தடவையாக ஏறினாள். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தே தூங்கினாள். ஒரு வால்வில் காதை வைத்தவள், "எது விடுதுன்னே தெரியலீங்ணா, எல்லாத்துலயும் உஸ்ஸுனே கேக்குது" என்று கிட்டுசாமியிடம் சொன்னபோதுதான் ஊர் கூடிப் பேசியது.

பேச என்ன இருக்கிறது? வால்வு விடுகிறது. தண்ணீர் திரும்பிப் போகிறது. நாற்பது வருஷமாக வால்வு வார்க்கிற ஊர் நாங்கள்.

"சாணியக் கரைச்சு ஊத்துனா ஓட்டை அடைச்சுக்கும், எங்க தோட்டத்துல அப்படித்தான்" என்று ஒருவர் தொடங்க, சரசக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"சாணி வேண்டாம். பிரைமிங் போயிருக்கு, அவ்வளவுதான்" என்றார் கிட்டுசாமி. "நல்லா நிரப்பி உட்டா வால்வு தானா உக்காந்துக்கும். தண்ணி குடிக்கச் சொல்லுங்க. நெம்பக் குடிக்கச் சொல்லுங்க."

ஊரில் இருநூற்றுப் பத்து வீடு. வீட்டுக்கு ஒரு சொம்பு என்று முறை வைத்தோம். சீரகம் போட்டுக் காய்ச்சியது, பானகம், இளநீர், மோர், துளசி போட்டது, வெறும் தண்ணீர் என்று மூன்று நாள் அவள் வாசலில் வரிசை நின்றது. யாரும் கொடுமை செய்ய வரவில்லை. சிலர் சொம்புக்குப் பொட்டு வைத்துக் கொண்டுவந்தார்கள். அவளும் அந்தந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து, வேண்டாமென்று சொல்ல மனம் வராமல், கொடுத்ததை எல்லாம் குடித்தாள். சிலதை வீட்டுக்குள் வாங்கிவைத்துச் சென்னியப்பன் குடித்தான் என்பது பிறகு தெரியவந்தது. அவன் அதைச் செய்யாமலிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

மூன்றாம் நாள் மத்தியானம் குழாய்கள் தாளம் தப்பின. இரண்டு வேகமாக, ஒன்று மெதுவாக, பிறகு கணக்கே இல்லாமல் படபடத்தன. வந்த தண்ணீர் நுரைத்து இளஞ்சிவப்பாக இருந்தது. அப்புறம், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பாதி நிறைந்த வாளிகளிலிருந்து தண்ணீர் கயிறுபோல் எழுந்து குழாய்க்குள் ஏறி மறைந்தது, வாளியின் அடி தெரிந்தது. சரசக்கா வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். கோகிலாமணி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்று, "அக்கா... மூழ்கறேன்" என்றாள்.

ஆம்புலன்சில் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். சென்னியப்பனும் கிட்டுசாமியும் கூடப் போனார்கள். இதய டாக்டர் எஸ்தர் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, உள்ளே தேங்கிய நீரெல்லாம் சிறுநீராகப் பிரிந்த பிறகு, மறுநாள் காலை இருவரையும் கூப்பிட்டு அவள் கட்டிலோரம் உட்காரவைத்தார்.

"எவ்வளவு தண்ணி குடிச்சாங்க?"

"ஊர்ல இருநூத்திப் பத்து வீடுங்" என்றான் சென்னியப்பன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "யார் குடிக்கச் சொன்னது?"

"பிரைமிங்குங்க" என்றார் கிட்டுசாமி, சின்னக் குரலில்.

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். கோபம் வந்து, அது போய், பிறகு பேசினார். "நீங்க பம்ப்காரங்க, அதனால அதுலயே சொல்றேன். உங்க வால்வு விட்டா தண்ணி கிணத்துக்குப் போயிடும், குழாய் காலியாயிடும், சரியா? காலியான குழாயிலதான் தண்ணி ஊத்தணும். இவங்களுக்கு அப்படி இல்ல. நுரையீரல்ல இருந்து நல்ல ரத்தம் இதயத்தோட இடது மேல் அறைக்கு வருது, அங்கிருந்து கீழ் அறைக்கு இறங்குது, கீழ் அறை அழுத்தி உடம்புக்கு அனுப்புது. மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல இருக்கிற வால்வு மூடல. அழுத்தும்போது பாதி ரத்தம் மேலேயே திரும்புது, நுரையீரல் வரைக்கும் தேங்குது. காலியாகல, தேங்குது. தேங்கின இடத்துல ஊரே சேர்ந்து ஊத்தியிருக்கீங்க."

கிட்டுசாமி நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்தார். எழுப்பியும் எழவில்லை.

எப்படி வந்தது என்று சென்னியப்பன் கேட்டான். சின்ன வயசில் தொண்டைவலி, காய்ச்சல், மூட்டு வீக்கம் என்று ஏதாவது வந்ததா என்று டாக்டர் திருப்பிக் கேட்டார். கட்டிலில் இருந்து கோகிலாமணி சொன்னாள்: ஒன்பது வயதில், ஒரு வாரம் முட்டி வீங்கி, அது வடிந்ததும் கணுக்கால் வீங்கி, வளர்கிற பிள்ளைக்குக் கால் வலிக்கும் என்று சொல்லி நல்லெண்ணெய் தேய்த்துவிட்டார்கள். "அதுதான்" என்றார் டாக்டர். "அந்தக் காய்ச்சல் மூட்டைத் தொட்டுட்டுப் போயிடும், வால்வைக் கடிச்சுட்டுப் போகும். அன்னைக்கு வந்தது முப்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் தெரியுது. பூ மாதிரி மூட வேண்டிய இதழ் ரெண்டும் கஞ்சி போட்ட துணி மாதிரி விறைச்சுக்கிடக்கு. தச்சுச் சரிபண்ண முடிஞ்சா அதுதான் முதல்ல பார்ப்போம். இதுல முடியாது. மாத்தணும்."

"மாத்தறதுன்னா எதைப் போடுவீங்க?" கோகிலாமணியின் குரலில் முதல்தடவையாகப் பட்டறைக்குரல் வந்தது.

"ரெண்டு வகை இருக்கு. மாட்டோட சதையில செஞ்சது ஒண்ணு. அதுக்கு மாத்திரைத் தொந்தரவு கம்மி, ஆனா பத்துப் பன்னெண்டு வருஷத்துல தேய்ஞ்சிடும், உங்க வயசுக்கு மறுபடி ஆபரேஷன் வரும். இன்னொண்ணு உலோகம். அது உங்களுக்கு மேலயும் உழைக்கும். ஆனா அதுமேல ரத்தம் உறையப் பார்க்கும், அதனால ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, தினமும், ஒரே நேரத்துக்கு, ஆயுசுக்கும். மாசாமாசம் ரத்தம் பார்க்கணும். கையில வெட்டுப்பட்டா சீக்கிரம் நிக்காது. கீரை ஒருநாள் ஒரு கட்டு, ஒருநாள் ஒண்ணுமில்லன்னு சாப்பிடக்கூடாது, எப்பவும் ஒரே அளவு. பல் பிடுங்கறதுக்கு முன்னால எங்களைக் கேக்கணும்."

"போட்டப்புறம் விடுதா புடிக்குதான்னு யாருங்க டெஸ்ட் பண்றது?"

டாக்டர் சிரித்தார். "நாங்கதான். நெஞ்சை மூடறதுக்கு முன்னாலயே தொண்டை வழியா ஸ்கேன் குழாய் விட்டுப் பார்த்துடுவோம்."

"விட்டா?"

"திருப்பி அனுப்புவோம்."

அந்தப் பதிலில் அவளுக்குத் திருப்தி. "உலோகமே போடுங்க" என்றாள். அப்புறம்தான், எல்லாரும் கேட்காமல் இருந்ததைக் கேட்டாள். "நான் திரும்பி வருவனுங்களா?"

"நூறு பேருக்குப் பண்ணினா மூணு நாலு பேர் வர்றதில்ல. பண்ணாம விட்டா, அடுத்த ஆடி பார்க்கமாட்டீங்க. நெஞ்சை நிறுத்தி வெச்சுட்டுத்தான் பண்ணணும். ஒரு ஒன்றரை மணி நேரம், உங்க ரத்தத்தை ஒரு மெஷின் ஓட்டும்."

ஆபரேஷனுக்கு முந்தின நாள் கிட்டுசாமி மறுபடி வந்தார். பஞ்சில் பொதிந்து ஒரு வால்வு கொண்டுவந்திருந்தார். ஊரின் லேத்காரர்களில் எட்டுப் பேர் நாலு நாள் முறைபோட்டுக் கடைந்தது. எட்டணாக் காசைவிடக் கொஞ்சம் பெரிது, முகம் பார்க்கலாம் போல் மின்னியது. டாக்டர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கள் ஊர் வேலையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லி, உடம்புக்குள் போடுவது வேறு உலோகம், வேறு விதி என்று விளக்கி, திருப்பிக் கொடுத்துவிட்டார். கிட்டுசாமி அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் நின்றார். மன்னிப்பு என்ற வார்த்தையை எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லிப் பழகியதில்லை.

கோகிலாமணி கையை நீட்டி அதை வாங்கினாள். டம்ளரிலிருந்து சொட்டுத் தண்ணீரை அதில் ஊற்றிக் காதருகே பிடித்துக் கண்ணை மூடினாள். மூச்சு இளைத்தது.

"புடிக்குதுங்ணா" என்றாள்.

பிறகு அந்தத் தண்ணீரைத் தட்டில் கவிழ்த்தாள். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குமேல் தண்ணீர் அவளுக்குக் கூடாது. கிட்டுசாமி வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினார்.

அன்று மாலையே மாரப்பன் மைக் கட்டிச் சொன்னார்: "நாளைக் காலை பத்தரை மணி வாக்குல ஊர்த் தண்ணி நிக்கும். ஒன்றரை மணி நேரத்துல வந்துரும். எல்லாரும் இப்பவே புடிச்சு வெச்சுக்கங்க." ஒருவரும் பிடித்து வைக்கவில்லை. பிடித்து வைத்தால், அவள் வராமல் போனாலும் எனக்குத் தண்ணீர் இருக்கிறது என்று ஆகிவிடும் அல்லவா? விடிந்ததும் அவரவர் காலிக் குடத்தைக் குழாயடியில் வைத்து, குழாயைத் திறந்துவிட்டு, பக்கத்தில் நின்றோம். லேத்துகள் நின்றிருந்தன. எங்கள் ஊரில் அப்படி ஒரு பகலை அதற்கு முன் காதால் கேட்டதில்லை.

பத்து ஐம்பதுக்குக் குழாய்கள் மெதுவாயின. ஒரு வீச்சு, இன்னொரு வீச்சு, நீளமாக ஒரு உஸ். அப்புறம் ஒன்றுமில்லை.

பன்னிரண்டு இருபது ஆயிற்று. வரவில்லை. பன்னிரண்டு ஐம்பது. குழாய் வாயில் ஈ உட்கார்ந்து எழுந்தது. பூசாரி அபிஷேகமில்லாத பிள்ளையாரை விட்டுவிட்டுக் குழாயடிக்கு வந்து நின்றார். ஒன்று பத்துக்கு, ஒரு செருமல்கூட இல்லாமல், நான்கு வீதியிலும் ஒரே சமயத்தில் தண்ணீர் வந்தது. நேராக வந்தது. நிற்கவில்லை, திரும்பவில்லை, டப்பென்றும் இல்லை, உஸ்ஸென்றும் இல்லை. கண்ணாடிக் குச்சி மாதிரி அசையாமல் குடத்துக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது.

துடிப்பில்லாத தண்ணீரை நாங்கள் பார்த்து எட்டு மாதமாகியிருந்தது. துடிப்பில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்கு அப்போது ஒரே அர்த்தம்தான் தெரிந்தது.

"அய்யோ, அம்முணி!" என்று சரசக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். மேற்கு வீதியில் எழுந்த அழுகை ஒரு நிமிஷத்தில் நாலு வீதியும் பரவியது, நிறைந்த குடங்கள் வழிந்து தண்ணீர் தெருவெல்லாம் ஓடியது, ஒருவரும் குழாயை மூடவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில் கிட்டுசாமியின் பையில் போன் அடித்தது.

"ஏனுங்ணா, அங்க யாரு செத்தது?" என்றான் சென்னியப்பன்.

"நீ சொல்றா. நீ சொல்லு."

"என்னத்தச் சொல்ல? டாக்டரம்மா இப்பத்தான் வந்துட்டுப் போனாங்க. பழைய வால்வு நெனச்சதவிட மோசமா இருந்துச்சாம், அதான் நேரமாயிருச்சாம். போட்டாச்சு. ஸ்கேன் உட்டுப் பார்த்துட்டாங்க. புடிக்குதாமுங்ணா."

கிட்டுசாமி போனை உயரத் தூக்கிப் பிடித்தார், அவன் திரும்பச் சொன்னான். அழுதுகொண்டிருந்தவர்களுக்கு அழுகையை உடனே நிறுத்த வரவில்லை, அதனால் இன்னும் கொஞ்ச நேரம் அழுது முடித்தோம்.

பன்னிரண்டாம் நாள் அவள் ஊருக்கு வந்தாள். நெஞ்சு நடுவில் நீளத் தையல், கையில் மாத்திரைப் பை, மூன்று வாரத்துக்கு ஒருதரம் பழைய காய்ச்சல் திரும்பாமலிருக்க ஊசி. அமைதியான அறையில் பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் நெஞ்சிலிருந்து கைக்கடிகாரம்போல ஒரு க்ளிக் கேட்டது. ஆனால் அது சுவரைத் தாண்டவில்லை. குழாய்கள் எல்லா ஊர்க் குழாய்களையும் போலத் தண்ணீரை விட்டன, அதற்கு மேல் ஒரு சேதியும் சொல்லவில்லை.

அதற்குப் பழகத்தான் எங்களுக்கு நாளாயிற்று. குடம் காட்டிய கை தானாக விலகித் தண்ணீர் தரையில் கொட்டியது. பூசாரி சொம்பை எப்போது சாய்ப்பதென்று தெரியாமல் நின்றார். அவள் எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளக் குழாயைத் திறந்து பார்த்தோம், ஒன்றும் தெரியாமல் மூடினோம். வேறு வழியில்லாமல் நேரில் போய்க் கேட்டோம். நாளொன்றுக்குப் பதினைந்து பேர், இருபது பேர். காதைக் கொண்டுபோய் அவள் நெஞ்சோரம் வைத்துக் கேட்டவர்களும் உண்டு. ஒருநாள் சரசக்காவும் அப்படிக் குனிந்தபோது கோகிலாமணி அவள் தோளைப் பிடித்து மெதுவாக நிமிர்த்தினாள்.

"கேட்டா சொல்லுவேன்க்கா. சொல்லோணும்னா சொல்லுவேன்."

"இல்லீன்னா?"

"இல்லீன்னா சொல்லமாட்டேன்."

சரசக்கா இதை ஊருக்குச் சொன்னாள். சிலருக்கு வருத்தமாக இருந்தது. எட்டு மாதம் அவள் நெஞ்சில் குளித்து, அதில் சமைத்துச் சாப்பிட்டவர்களுக்கு அது இருக்கத்தானே செய்யும். ஆனாலும் கூட்டம் குறைந்தது.

நாலாம் மாதம் ஒரு புதன்கிழமை பத்து மணிக்கு, நல்ல சேலை கட்டி, பையை மாட்டிக்கொண்டு அவள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். பஸ் கிளம்பிவிட்டது. டீக்கடையில் இருந்த நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பத்தடி, இருபதடி, கம்பியைப் பிடித்து ஏறிவிட்டாள். "பாத்து, அம்முணி!" என்று கத்திய சரசக்கா, கத்தியபடியே டீக்கடைக் குழாயைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் நேராக விழுந்தது. பஸ் ஜன்னலில் கோகிலாமணி மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாள், யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.

ரத்தம் பார்க்கும் நாள் அதற்கு முந்தின வாரமே முடிந்திருந்தது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் திரும்பி வந்தாள், மறுநாள் பட்டறைக்குப் போனாள், சென்னியப்பன் கடைந்ததில் இரண்டைத் திருப்பி அனுப்பினாள். எங்கே போய்வந்தாள் என்று எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது.